ரஸ்தாளியில் வாடல் நோய்: செடியின் ஹார்மோன்களை முன்கூட்டியே உசுப்பிவிடுவது எப்படி?

ரஸ்தாளி வாழை போட்டவர்களுக்கு இந்த வாடல் நோயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அடியிலை ஓரத்தில் மஞ்சளாக ஆரம்பிக்கும், அப்புறம் காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும், தண்டின் அடி வெடிக்கும், கிழங்கை வெட்டினால் செம்பழுப்பில் கோடும் புள்ளியுமாகத் தெரியும். ஃபியூசேரியம் பூஞ்சை வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களையே அடைத்துவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த மரத்துக்கு எதை ஊற்றினாலும் காசுதான் வீண்.

அதனால் வேலையெல்லாம் அதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். செடிக்குள் சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற ஹார்மோன்கள் இருக்கின்றன. எதிரி வந்ததை உடம்பு முழுக்கச் சொல்லி, செல் சுவரைக் கெட்டிப்படுத்தவும் பூஞ்சையைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கவும் வைப்பது இவைதான். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியா வேரில் குடியேறினால், பெரும்பாலும் ஜாஸ்மோனிக், எத்திலீன் வழியாகச் செடி உஷாராகிறது. பிறகு பூஞ்சை நுழையும்போது எதிர்ப்பு சட்டென்று கிளம்பும்.

செய்முறைக்கு வருவோம். நோயில்லாத தோட்டத்தில் கன்று எடுங்கள், இதில் மட்டும் சமரசமே கூடாது. கிழங்கின் வேர்களையும் அழுகிய பகுதியையும் சீவிவிட்டு, சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள். ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து வேரைச் சுற்றிப் போட்டு, மண்ணை ஈரமாக வைத்திருங்கள். நட்ட 2, 4, 6ஆம் மாதங்களில், கிழங்கில் 45 டிகிரி சாய்வாக 10 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு சூடோமோனாஸ் மாத்திரை வைத்து, மண்ணால் அடைத்துவிடுங்கள். பாக்டீரியா உயிருள்ள சரக்கு, பழைய பாக்கெட்டை வாங்காதீர்கள், ரசாயன மருந்தோடு கலக்கவும் வேண்டாம்.

சாலிசிலிக் அமிலத் தூளையே வாங்கித் தெளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அளவு கூடினால் இலை கருகும், அதோடு சாலிசிலிக் ஏறும்போது ஜாஸ்மோனிக் பாதை பல நேரம் அடங்கிப்போகும், இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அமுக்கும்.

ஏற்கெனவே கொத்துக் கொத்தாக மரம் போன வயலா? பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல வருடம் கிடக்கும். அங்கே ரஸ்தாளியை விட்டுவிட்டு, நெல் போடுங்கள், வாழைதான் வேண்டுமென்றால் பூவனுக்கு மாறுங்கள்.