டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையும் சிகிச்சைக்கான தகுதியும்: முதன்முறை செல்வோருக்கு

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடித்து அல்சூருக்குத் திரும்பும் வழியில், மாலை வேளையில் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருக்கிறதே என்று ஜிம்மில் சொல்லும் ஊசியைத் தேடிப் போகாதீர்கள். சிகிச்சை வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்த ஒற்றை அறிக்கை போதாது.

முதலில் அறிகுறிகளைப் பாருங்கள். பாலுணர்வு குறைதல், காலை நேர விறைப்பு இல்லாமல் போதல், உடல் ரோமம் குறைதல் போன்றவை நீடித்தால் பரிசோதனை அவசியம். வெறும் சோர்வு என்றால் தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மொத்த டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கான இரத்தத்தைக் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் கொடுங்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். உணவும் அதைத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பதால், பாலும் சர்க்கரையும் கலந்த ஃபில்டர் காபியை இரத்தம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி செய்பவர்கள் தாங்கள் தூங்கி எழும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இருந்தால், முழுமையாகக் குணமாகும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். போர்வெல் தண்ணீரால் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்வது மிக முக்கியம், ஏனெனில் சில ஆய்வு முறைகளில் அது முடிவையே திரித்துவிடும்.

அளவு குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் (AUA) 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அது குறைபாடு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைந்து, மொத்த அளவும் குறைவாகத் தெரியலாம் என்பதால், அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் கணக்கிடச் சொல்வார்கள்.

குறைபாடு உறுதியானால், விரையைத் தூண்டும் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். அளவைப் பார்ப்பார்கள். அவை உயர்ந்திருந்தால் கோளாறு விரையில்; குறைவாகவோ இயல்பாகவோ இருந்தால் பிட்யூட்டரி பக்கம் தேட வேண்டும், அப்போது புரோலாக்டின் என்ற மற்றொரு பிட்யூட்டரி ஹார்மோனின் பரிசோதனையும் தேவை.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றும்போது மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரப்பை அடக்குகிறது, அதனால் விந்தணு உற்பத்தி பெரிதும் குறையும், சிலருக்கு நின்றேவிடும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் தாமாகத் தொடங்கவே கூடாது. ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 50 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் காரணத்தைக் கண்டறியும்வரை காத்திருக்க வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறிகுறியைத் தேடும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் உண்டு. சிகிச்சை தொடங்கிய பின் ஹீமட்டோக்ரிட் 54 விழுக்காட்டை எட்டினால், மருத்துவர் மருந்தைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். ஆகவே அவர் எழுதித் தரும் தொடர் பரிசோதனை எதையும் தவறவிடாதீர்கள்.