ஒரு மனையை இரண்டாகப் பிரிப்பது எப்படி?

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட ஒரு கிரவுண்டை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். பத்திரம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றிருந்தோம். அப்படியில்லை. தரையிலும், அனுமதி வரைபடத்திலும், பட்டாவிலும் ஒரே கோடு விழ வேண்டும். அதற்கு வரிசை முக்கியம்.

முதலில் காகிதங்கள். தாய்ப்பத்திரம் (உங்களுக்கு முன் இருந்த உரிமையாளரின் பத்திரம்), உங்கள் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்). மனை, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் இருந்தால், 2017-இல் வந்த விதிகளின்படி வரன்முறை ஆகியிருக்கிறதா, அதாவது பின்னர் அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வங்கிக் கடன் இருந்தால் வங்கியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்தது அளவு. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் பத்திரத்தில் 40-க்கு 60 அடி, மொத்தம் 2400 சதுர அடி. டேப் பிடித்துப் பார்த்தால் பின்பக்கம் 39 அடி 2 அங்குலம்தான். கிட்டத்தட்ட 25 சதுர அடியைக் காணோம். பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதை வைத்துப் பிரிப்பதே பாதுகாப்பு. கையோடு மீட்டரிலும் எழுதி வாங்குங்கள், வரைபடம் மீட்டரில்தான் போகும்.

இனி, எப்படி வெட்டுவது? இதில் அவசரப்படாதீர்கள். குறுக்கே வெட்டினால் முன்மனை அகலமாக, அழகாக இருக்கும். பின்மனைக்கு வழி விட வேண்டும். நாங்கள் வழிக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம். தம்பி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். எதிரே வந்த அம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. அன்றைக்கே நீளவாக்கில் ஆளுக்கு இருபது அடி என்று முடிவு செய்தோம். வீடு ஒடுக்கமாக வரும், சரி, ஆனால் இருவருக்கும் தெரு முகப்பு உண்டு. குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வழி யாருடையது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எதன் வழியே போகும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் எதற்கு என்று விட்டால், பிள்ளைகள் காலத்தில் வழக்காகும்.

அப்புறம் அனுமதி. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் அடிப்படை. எட்டு மனை வரை உட்பிரிவு, அதற்கு மேல் போனால் லேஅவுட். விண்ணப்பம் இணையத்தில் ஒற்றைச் சாளர முறையில் போகும். இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியோ பார்க்கும். வரைபடத்தைப் பதிவு பெற்ற பொறியாளரே போட்டுத் தருவார்.

அனுமதி வந்த பிறகு பத்திரம். உடன்பிறந்தவர்களுக்குள் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் போதும். வெளியாளுக்கு விற்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டு பாகத்துக்கும் தனித்தனியாக நான்கெல்லையை எழுதி, அனுமதி வரைபடத்தையும் இணையுங்கள்.

கடைசியாகப் பட்டா. "உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்" என்று விண்ணப்பியுங்கள். அரசு சர்வேயர் அளக்க வரும் நாளில் லீவு போட்டாவது நேரில் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். சர்வேயர் காட்டிய இடத்தில் அன்றே கல் நட்டுவிடுங்கள். புதுப் பட்டாக்கள் வந்ததும் இரண்டின் பரப்பையும் கூட்டி, பழைய பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மாநகராட்சி வரிக்குப் பெயர் மாற்றக் கொடுங்கள்.