19ஆம் நூற்றாண்டுப் படையொன்றின் கட்டளை வரைபடத்தைத் தயாரிப்பது எப்படி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்கள் கூடுவதும், கங்காணி தம் ஆட்களை எண்ணிச் சொல்வதும், கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவதும், எந்த மலையில் யார் கொழுந்து எடுப்பது என்ற உத்தரவு துரையிடமிருந்து படிப்படியாக இறங்கி வருவதும் நம் வீட்டுப் பெரியவர்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்தன. 'பெரட்டு' என்ற சொல்லே 'பரேட்' என்ற படைச் சொல்லிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டுப் போரொன்றில் படை எவ்வாறு பிரிக்கப்பட்டது, யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள் என்பதை விளங்கிக்கொள்ள விரும்பும் மலையக மாணவர்கள் இந்த ஒழுங்கை மனதில் வைத்துத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதை, உயர்தர வகுப்பு மாணவர்களோடு பலமுறை வரைந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தேவையானவை குறைவே. பழைய காலண்டர் தாளொன்றின் வெள்ளைப் பக்கம், பென்சில், இரு நிற மைப் பேனாக்கள், அந்தப் பகுதியின் நிலப்படம் ஆகியவை போதும். முதலில் ஒரு போரையன்று, ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். 'கண்டிப் போர்' என்று பொதுவாக எழுதி வரையத் தொடங்கினால் வரைபடம் பொய் சொல்லும், ஏனெனில் படையின் அமைப்பு வாரத்துக்கு வாரம் மாறியது. கண்டி அரசின் மீது பிரித்தானியர் நடத்திய 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பை எடுத்துக்கொண்டால், ஜெனரல் மக்டோவல் ஜனவரி 31ஆம் தேதி கொழும்பிலிருந்தும், லெப்டினன்ட் கேணல் பார்பட் பெப்ரவரி 4ஆம் தேதி திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட அந்த இரு படைகளும் பெப்ரவரி 20, 21ஆம் தேதிகளில் கண்டியில் சேர்ந்தன. சேர்வதற்கு முந்திய நாளுக்கு ஒரு வரைபடமும் சேர்ந்த மறுநாளுக்கு வேறொரு வரைபடமும் தேவை.

அடுத்து, கீழிருந்து மேலாக ஏறுங்கள். பிரித்தானியக் காலாட்படையின் அடிப்படை அலகு கம்பனி. கப்டன் ஒருவர் அதை நடத்த, அவருக்குக் கீழே லெப்டினன்டும் என்சைனும், அவர்களுக்குக் கீழே சார்ஜன்ட்களும் கோப்ரல்களும் இருந்தார்கள். பத்துக் கம்பனிகள் சேர்ந்தது ஒரு பற்றாலியன். அதைக் களத்தில் நடத்தியவர் பெரும்பாலும் லெப்டினன்ட் கேணல். இரண்டு முதல் நான்கு பற்றாலியன்கள் சேர்ந்தால் பிரிகேட், பிரிகேட்கள் சேர்ந்தால் டிவிஷன், பெரிய ஐரோப்பியப் படைகளில் டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். கம்பனிக்கு நூறு பேர், பற்றாலியனுக்கு ஆயிரம் பேர் என்பது ஏட்டுக் கணக்கு. காய்ச்சலில் படுத்தவர்கள், காவலுக்கு விடப்பட்டவர்கள், வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரைக் கழித்தால் களத்தில் ஐந்நூறு, அறுநூறு பேர் நின்றாலே நல்ல எண்ணிக்கை. செக்ரோலில் உள்ள பெயர்களும் பெரட்டுக்கு வந்த ஆட்களும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆகவே ஒவ்வொரு அலகுக்கும் ஒரு கட்டம் போட்டு, அதில் இரண்டு எண்களுக்கு இடம் விடுங்கள்: பதிவில் உள்ளவர்கள், அன்று நின்றவர்கள்.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. 1815ஆம் ஆண்டு ஆளுநர் பிரவுன்றிக் கண்டிக்கு எட்டு டிவிஷன்களை அனுப்பினார் என்று படிக்கும்போது பெரும் சேனையொன்று மனக்கண்ணில் எழும். உண்மையில் அவை ஒவ்வொன்றிலும் இருந்தவர்கள் சில நூறு பேரே. அதே ஆண்டு ஜூன் 18ஆம் தேதி நெப்போலியனுக்கு எதிராக வாட்டர்லூவில் பிரித்தானியத் தளபதி வெலிங்டனின் கீழ் ஏறத்தாழ 68,000 பேர் நின்றார்கள், அங்கே டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர். சொல்லைப் பார்த்துக் கட்டத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். அந்தக் கட்டத்துக்குள் எந்தெந்தக் கம்பனிகள் இருந்தன என்று எண்ணிய பிறகே அதை வரையுங்கள். இலங்கையில் நின்ற படையில் பிரித்தானிய ரெஜிமெண்ட்களோடு மலாய் வீரர்களும், இந்தியச் சிப்பாய்களும், ஆபிரிக்க வீரர்களும், பீரங்கிகளை இழுத்தவர்களும், அரிசி மூட்டை சுமந்த கூலிகளும் இருந்தார்கள். சுமந்தவர்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அவர்கள் இரவில் காட்டுக்குள் மறைந்துவிட்டால் மறுநாள் படை நகராது. படைத் தலைவர்களின் பெயர்களை மட்டும் நிரப்பிய வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் பார்வையில் அது அரைகுறையானதே.

இதுவரை வரைந்தது யார் யாருக்குக் கீழே என்ற அமைப்பு. இனி இரண்டாவது நிறப் பேனாவை எடுங்கள். கட்டளை எந்த வழியாக, எந்த நேரத்தில், யார் கையில் போனது என்ற கோடுகளை வரைய வேண்டும். போரின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்தக் கோடுகளிலேயே இருக்கின்றன. தந்தியும் தொலைபேசியும் இல்லாத களத்தில், குதிரையில் ஏறிய அதிகாரி ஒருவரும் அவர் கையிலிருந்த துண்டுக் காகிதமும்தான் தளபதியின் குரல். வாட்டர்லூவில் ஹூகோமோன் பண்ணை வீடு தீப்பற்றியபோது, வெலிங்டன் பதப்படுத்திய தோல் துண்டொன்றில் பென்சிலால் எழுதியனுப்பிய குறிப்பு நமக்கு மிஞ்சியிருக்கிறது. வைக்கோற் போரிலிருந்து கூரைக்குத் தீ பரவியிருப்பதைப் பார்க்கிறேன், நெருப்பு எட்டாத பகுதிகளில் ஆட்களை வைத்திருங்கள், கூரையோ தளமோ விழுந்து எவரும் இறக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தாம் காண்பது என்ன, செய்ய வேண்டியது என்ன, எதைத் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றும் அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக் கோட்டின் மேலும் இந்த மூன்றையும் எழுத முயலுங்கள். எழுத முடியாத கோடு எதுவோ, அங்கே குழப்பம் இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன், பிரெஞ்சுப் படையில் தளபதி டெர்லோனின் கோர், ஏறத்தாழ 20,000 பேர், லிக்னியில் நடந்த போருக்கும் காத்ர் பிராவில் நடந்த போருக்கும் இடையே முன்னும் பின்னுமாக நடந்து இரண்டிலும் ஈடுபடாமலே அன்றைய பொழுதைக் கழித்தது. இருவர் இரு திசைகளுக்கு அழைத்ததே காரணம். இதையொத்த நிகழ்வொன்று நம் மலைகளிலும் நடந்திருக்கிறது. 1804ஆம் ஆண்டு, ஆறு இடங்களிலிருந்து படைகள் புறப்பட்டு ஒரே நேரத்தில் கண்டியில் சேர வேண்டும் என்ற திட்டம் தீட்டப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. மட்டக்களப்பில் இருந்த கப்டன் ஜோன்ஸ்டனுக்குச் சென்ற இரண்டாவது கடிதத்தை அவர், திட்டம் அதுவே, நாள் மட்டும் மாறியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டார். ஏறத்தாழ 300 பேருடன் செப்டம்பர் 20ஆம் தேதி புறப்பட்டு, மலைப்பாதைகளில் சண்டையிட்டபடி ஏறி, ஒக்டோபர் தொடக்கத்தில் கண்டிக்குள் நுழைந்தார். வேறு எந்தப் படையும் வந்திருக்கவில்லை. சில நாட்கள் காத்திருந்து, ஆட்களை இழந்தபடி திருகோணமலைக்குத் திரும்பினார். இதை வரைபடத்தில் காட்ட, முதற் கடிதத்தை முழுக் கோடாகவும் இரண்டாவதைப் புள்ளிக் கோடாகவும் வரைந்து, எழுதியவர் கருதியதை ஒரு பக்கத்திலும் பெற்றவர் விளங்கிக்கொண்டதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். மாணவர்கள் இதை வரைந்து முடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். முந்நூறு பேரின் உயிர் ஒரு வாக்கியத்தில் தொங்கியதைக் கண்ணால் காண்கிறார்கள்.

கண்டி அரசின் படையை இதே கட்டங்களுக்குள் திணிக்கக் கூடாது. அங்கே கம்பனியோ பற்றாலியனோ இல்லை. அரசருக்குக் கீழே அதிகார்கள் எனப்பட்ட தலைமை அமைச்சர்கள், அவர்களோடு மாகாணங்களை ஆண்ட திசாவைகள், அவர்களுக்குக் கீழே ஊர்த் தலைவர்கள், கடைசியில் நிலத்துக்கு ஈடாக இராஜகாரிய சேவை செய்யக் கடமைப்பட்ட குடிமக்கள் என்று அது அமைந்திருந்தது. மாகாணத்தை நிர்வகித்தவரே போரில் அதன் படையையும் நடத்தினார். ஆட்கள் தத்தம் உணவைத் தாமே கட்டிக்கொண்டு வந்ததால், அது தீர்ந்தபின் வேறு ஆட்கள் மாறி வந்தார்கள். எனவே இந்த வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்பதோடு எத்தனை நாள் என்பதையும் எழுதுவது முறை. முக்காலி போன்ற தாங்கியில் வைத்துச் சுடும் கொடித்துவக்கு என்ற சிறு பீரங்கியும், கணவாய்களை அடைத்த முட்கதவுகளும், அரசரின் கீழிருந்த மலாய் வீரர்களும் தனிக் குறிகள் பெறத் தக்கவை.

இந்த அமைப்பை வரைந்த பிறகே 1815இல் ஏன் பெரும் போர் எதுவும் நடக்கவில்லை என்பது விளங்கும். சப்ரகமுவவின் திசாவையாக இருந்த எஹெலபொல 1814இல் அரசருக்கு எதிராகத் திரும்பி ஆங்கிலேயரிடம் போனார். 1815 பெப்ரவரியில் முதல் அதிகாரான மொல்லிகொடவும் போய்ச் சேர்ந்தார். வரைபடத்தில் அவர்களுடைய கட்டங்களுக்கு மேலேயுள்ள கோட்டை அழித்துப் பாருங்கள். கீழே இருக்கும் ஊர்கள் அனைத்தும் அரசரிடமிருந்து ஒரே வெட்டில் அறுந்துபோகின்றன. பெப்ரவரி 18ஆம் தேதி மெதமஹநுவரப் பகுதியில் அரசர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி உடன்படிக்கை செய்யப்பட்டது.

கடைசி வேலை, தளபதி மாறும்போதெல்லாம் வரைபடத்தை மீண்டும் வரைவது. 1803 ஏப்ரலில் மக்டோவல் பெரும்படையோடு கொழும்புக்குத் திரும்பினார். கண்டியில் விடப்பட்ட காவற்படைக்குத் தலைமை தாங்கிய பார்பட் காய்ச்சலில் இறந்தார். பொறுப்பு மேஜர் டேவியின் மேல் விழுந்தது. ஜூன் 24ஆம் தேதி கண்டிப் படை தாக்கியபோது நடக்கக்கூடியவர்களே குறைவு. 'அன்று நின்றவர்கள்' என்ற எண் எவ்வளவு முக்கியம் என்பது இந்த நாளை வரையும்போதுதான் உறைக்கும். சரணடைந்து வெளியேறியவர்கள் வட்டபுலுவவில் மகாவலிக் கரைக்கு வந்தார்கள். தென்மேல் மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. அந்த மாதத்தில் மகாவலியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செந்நிற வெள்ளத்தைக் கடப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். மேலிருந்து உத்தரவு வரவோ கீழிருந்து செய்தி போகவோ அங்கே வழி இருக்கவில்லை. பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அந்த நாளின் தாளில் ஒரே ஒரு கோடு மட்டும் வரையக் கிடைக்கும்: உயிர் தப்பிய 19ஆம் ரெஜிமெண்டின் கோப்ரல் பார்ன்ஸ்லி, காயத்தோடு மாத்தளைப் பக்கத்திலிருந்த மக்டோவல் கோட்டைக்கு நடந்து சென்று கப்டன் மேட்ஜிடம் செய்தி சொன்ன கோடு. மேட்ஜ் கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டதைப் புதிய தாளில் தொடங்குங்கள்.