அப்டேட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் புரோகிராம்கள்: எங்கே பிழை விடுகிறோம்?

உவர்மலையில் ரியூசன் நடத்தும் ரீச்சர் ஒருவரின் லெப்டொப் அண்மையில் திருத்த என் கைக்கு வந்தது. பிரவுசரின் தேடல் பக்கம் மாறியிருந்தது. கொம்பியூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும், யாரும் கேள்விப்படாத ஒரு 'கிளீனர்' புரோகிராம், கொம்பியூட்டரில் நூற்றுக்கணக்கான பிழைகள் என்று ஓயாமல் பயமுறுத்திக்கொண்டிருந்தது. "தம்பி, நான் ஒண்டும் புதுசாப் போடேல்ல. அப்டேட் கேட்டுது, குடுத்தனான்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். கோபம் வரவேண்டியது அவர்மேல் அல்ல, அப்டேட்டோடு வேறு புரோகிராமை ஒட்டவைத்து அனுப்புகிறவர்கள்மேல்.

இலவசமாகக் கிடைக்கும் பல புரோகிராம்களுக்கு, இன்னொன்றையும் சேர்த்து இறக்கிவிட்டால் காசு கிடைக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன. சில புரோகிராம்கள் ஓடத் தேவைப்படும் ஜாவாவின் பாதுகாப்பு அப்டேட்டுகளோடு, பிரவுசரில் தேடல் பட்டையாக வந்து உட்காரும் ஆஸ்க் டூல்பார் பல வருடம் வந்தது; அதற்கான சரி அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். 2008இல் ஆப்பிளின் அப்டேட் புரோகிராம், பாட்டுக் கேட்கும் ஐடியூன்ஸ் புரோகிராமை வைத்திருந்த விண்டோஸ்காரருக்கு சஃபாரி பிரவுசரையும் நீட்டியது. ஆகவே பெயர்பெற்ற நிறுவனம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு 'நெக்ஸ்ட்' அழுத்துவதுதான் முதல் தவறு.

அந்தத் திரைகளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். நடுவில் வேறொரு புரோகிராமின் படம் வரும். கீழே 'அக்செப்ட்' நல்ல நிறத்தில் பெரிதாகவும், 'டிக்லைன்' சாம்பல் நிறத்தில் மங்கலாகவும் இருக்கும். 'டிக்லைன்' கொடுத்தால் முழு அப்டேட்டும் நின்றுவிடும் என்று பயந்தே பலர் சம்மதிக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நிற்காது. அந்த ஒட்டுப் புரோகிராம் மட்டும்தான் விலகும், நீங்கள் கேட்டது வந்து சேரும். அதேபோல 'ரெக்கமெண்டட்' என்பதை விட்டு 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்ட்' என்பதைத் தெரிவுசெய்தால், மறைந்திருக்கும் சரி அடையாளங்கள் வெளியே தெரியும். நிலாவெளிப் பக்கம் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் வேலைசெய்கிற பிள்ளைக்கு இதனால் டேட்டாக் காசும் மிஞ்சும்.

அடுத்தது, எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. கூகுளில் புரோகிராமின் பெயரைப் போட்டதும் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். டவுன்லோட் தளங்கள் சில, நல்ல புரோகிராமைத் தங்கள் சொந்த இன்ஸ்டோலரால் சுற்றித் தருகின்றன. 2013இல் கிம்ப் படத்திருத்தி, சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். படம் பார்க்கும்போது "உங்கள் ஃப்ளாஷ் பழையது, அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு பெட்டி குதித்தால் யோசிக்கவே வேண்டாம், அது பொய். பிரவுசரில் வீடியோவும் கேமும் ஓடவைத்த ஃப்ளாஷ் பிளேயருக்கு, அதைத் தயாரித்த அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஆதரவை நிறுத்திவிட்டது.

வைரஸ் கார்ட் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். நீங்களே சம்மதம் கொடுத்து வந்தது என்பதால் பல ஒட்டுப் புரோகிராம்கள் வைரஸ் கணக்கில் சேர்வதில்லை. விண்டோஸ் செக்கியூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கொன்ரோல்' பகுதிக்குள், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது. அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வெறுத்துப்போய் அப்டேட்டையே நிறுத்திவிடுவது. இதை நான் அடிக்கடி காண்கிறேன், காணும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற தீய புரோகிராம் உலகம் முழுக்கக் கொம்பியூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது; இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் அப்டேட்டையும் பிரவுசர் அப்டேட்டையும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே வந்து குந்திவிட்டால், துரத்துவதற்கு இன்னொரு இலவச கிளீனரை இறக்காதீர்கள். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலை இன்ஸ்டோல் செய்த திகதிப்படி அடுக்குங்கள். ஒரே நாளில் வந்தவை மேலே ஒன்றாக நிற்கும். தெரியாத பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள். பிரவுசரோடு சேர்ந்து ஓடும் சின்னப் புரோகிராம்களான எக்ஸ்டென்ஷன்களையும் தேடல் தெரிவையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும், புரோகிராம் போனாலும் அவை தங்கிவிடும். நீக்கும் திரையிலும் அவசரப்படாதீர்கள்: 'வைத்திரு' என்பது பெரிய பொத்தானாகவும், 'நீக்கு' என்பது ஓரத்தில் சின்ன எழுத்தாகவும் இருக்கலாம்.