ஊருக்குப் போகும்போதே திரும்பும் டிக்கெட்

குத்தல் பேச்சும் சண்டையும் ஓயாத வீட்டுக்குப் பொங்கல், தீபாவளிக்குப் போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஞாயிறு ராத்திரி வண்டி" என்று சொல்லியும் விடுங்கள். முன்கூட்டியே சொன்ன நேரத்துக்குக் கிளம்பினால், கோபித்துக்கொண்டு போனதாக யாரும் பேச முடியாது. "இன்னும் ரெண்டு நாள் இரு" என்ற இழுபறியில்தானே பாதிச் சண்டை பிறக்கிறது! அப்பாவிடம் மறுத்துப் பேச வேண்டியதில்லை, டிக்கெட்டைக் காட்டினால் போதும். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணமும் மிச்சம்.

அதே வீட்டில் வசிப்பவர்களுக்கு இது உதவாது. அடி, உதை நடக்கும் வீடென்றால் டிக்கெட் யோசனையே வேண்டாம்: பெண்கள் 181, சிறார்கள் 1098 எண்ணை அழைக்கலாம்.