சோதனை அறிக்கை மட்டும் காப்பாற்றாது: நெருக்கடி நேரத்தில் நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

2015 மே மாதம் மேகியில் காரீயம் இருக்கிறது என்ற செய்தி பரவத் தொடங்கியபோது நெஸ்லே இந்தியாவிடம் பதில் இருந்தது. அவர்களுடைய சொந்தச் சோதனைகளில் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரி, கொல்கத்தாவில் இருக்கும் அரசு ஆய்வகத்தில் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) என்று வந்திருந்தது. சட்டம் அனுமதிப்பது 2.5. கம்பெனி தன் சோதனை முடிவையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, மாநிலங்கள் வரிசையாகத் தடை போட்டன. டெல்லியில் 15 நாள், தமிழ்நாட்டில் 3 மாதம். ஜூன் 5 அன்று உலகத் தலைமை அதிகாரி பால் புல்கே டெல்லிக்கே வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்து, சரக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். அதற்குள் எத்தனையோ கடைக்காரர்கள் தாங்களாகவே பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நாடு முழுக்க இருந்த தடையை ரத்து செய்தது. கம்பெனியின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பவை காரணங்கள். பிறகு நீதிமன்றம் சொன்ன மூன்று ஆய்வகங்களிலும் மேகி தேறியது. ஆக, வழக்கில் ஜெயித்தார்கள். ஆனால் நவம்பர் வரை ஐந்து மாதம் கடைகளில் சரக்கு இல்லை, 30,000 டன்னுக்கும் மேல் அழிக்க வேண்டியிருந்தது, ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மட்டும் சுமார் 64 கோடி ரூபாய் நஷ்டம்.

நம் பக்கம் நியாயம் இருக்கிறது, சோதனை அறிக்கை இருக்கிறது, அதனால் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். நியாயம் வெளியே வர மாதங்கள் ஆகும், பயம் பரவ ஒரு சாயங்காலம் போதும். அன்றைக்கு ஒரு அம்மாவின் மனதில் இருந்த கேள்வி, ‘நேற்று ராத்திரிகூடப் பிள்ளைக்குச் செய்து கொடுத்தேனே, ஏதாவது ஆகிவிடுமா?’ என்பதுதான். அதற்குப் பதிலாகப் பிபிஎம் கணக்கைச் சொன்னால் அது அவருக்குப் பதிலே இல்லை. எம்.எஸ்.ஜி, அதாவது அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டி, அந்த விஷயமும் இப்படித்தான் போனது. ‘எம்.எஸ்.ஜி சேர்க்கப்படவில்லை’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தார்கள். நாங்கள் சேர்க்கவில்லை, வெங்காயத்தூளிலும் கோதுமை மாவிலும் இயற்கையாகவே இருக்கும் குளூட்டமேட்தான் சோதனையில் தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம். ரசாயனப்படி அது சரியாகவே இருக்கட்டும், சோதனையில் எம்.எஸ்.ஜி வந்தது என்று டிவியில் கேட்டவருக்கு அந்த வரி பொய்யாகத்தான் தெரியும். இப்படி இரண்டு அர்த்தம் வருகிற வரி உங்கள் பாக்கெட்டிலோ விளம்பரத்திலோ இருந்தால், பிரச்சினை எதுவும் இல்லாத இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1982இல் சிகாகோவில் நடந்தது. யாரோ டைலனால் என்ற வலி மாத்திரைகளில் சயனைடு கலந்து வைத்ததில் 7 பேர் இறந்தார்கள். கலந்தது கம்பெனி இல்லை, கடைக்குப் போன பிறகு நடந்த வேலை. மாத்திரையின் சொந்தக்காரரான ஜான்சன் அண்ட் ஜான்சன் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் அமெரிக்கா முழுக்க இருந்த சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள், 10 கோடி டாலருக்கு மேல் போனது. சில வாரங்களிலேயே, யாராவது திறந்திருந்தால் பார்த்ததும் தெரிகிற மாதிரி மூடி முத்திரை போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த மருந்தின் பெயர் பிழைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது, தெரியாத எண்ணைச் சொல்வது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலில் கசிவது நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள், சில நாளிலேயே 5,000 என்று ஆனது, கடைசியில் 50,000க்கும் மேல் என்று அரசு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு முறை எண் ஏறும்போதும் அதுவரை சொன்ன எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வரும். அளந்துகொண்டிருக்கிறோம், நாளைக் காலை 10 மணிக்குச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு, 10 மணிக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வந்து நின்றால் போதும். அப்புறம் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட், இது முடிந்து தன் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்தால் போதும் என்று கேமரா முன்னால் சொன்னார். 11 குடும்பங்களில் ஆளே திரும்பி வராதபோது சொன்ன வார்த்தை அது. அந்த வருடமே அவர் பதவியை விட்டுப் போனார். மைக் முன்னால் நிற்பவர் தன் கஷ்டத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது.

பழியை அடுத்தவர் மேல் போடுவதை எல்லோரும் செய்கிறார்கள். 2003இல் மகாராஷ்டிராவில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்தபோது, கடைகளில் சரியாக வைக்காததுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் சாப்பிடுபவருக்கு உறையில் இருக்கிற பெயர்தான் தெரியும். பிறகு காற்றுப் புகாத உறைக்கு மாற்றி, அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்த பிறகுதான் விற்பனை மீண்டது.

நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் இன்னொன்று 2021 அக்டோபரில் நடந்த சொமேட்டோ விவகாரம். இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கஸ்டமர் கேர் ஊழியர் தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம் சொல்ல, ஸ்கிரீன்ஷாட் தீயாகப் பரவியது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்பு கேட்டது, கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைத்து வருவதாகவும் சொன்னது. அதுவரை நல்ல பதில். ஆனால் அதே அறிக்கையில் அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகவும் சொல்ல, சில மணி நேரத்தில் நிறுவனர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்து, கூடவே நாட்டில் சகிப்புத்தன்மை கூட வேண்டும் என்று எழுதினார். திரும்பச் சேர்த்தது சரி, என்னைக் கேட்டால் நீக்கியதுதான் தவறு. பயிற்சி கொடுக்காத நிறுவனத்தின் குற்றத்தை மேசையில் இருந்த ஒருவர் சுமக்கக் கூடாது. ஆனால் கோபப்பட்டவருக்கே அறிவுரை சொன்னதும் காலையில் கேட்ட மன்னிப்புக்கு மதிப்பில்லாமல் போனது. ஒரே நாளில் ஒரே நிறுவனம் இரண்டு குரலில் பேசினால் இப்படித்தான் ஆகும்.

சரி, முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? பெரிய பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி இல்லாத பேக்கரி, மசாலா கம்பெனி, கிளினிக் எல்லோராலும் முடிகிற வேலைதான். பேசப் போவது யார், அவர் ஊரில் இல்லையென்றால் யார் என்று இரண்டு பெயரை எழுதி வையுங்கள். ராத்திரி 11 மணிக்கு விற்பனையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். பல இடங்களில் முதலாளி போனை எடுக்காததால் மட்டுமே ஒரு முழு நாள் போய்விடுகிறது. வக்கீல் அறிக்கையைப் படிக்கட்டும், ஆனால் அவரே எழுத வேண்டாம், அவர் எழுதினால் அது நீதிபதிக்கு எழுதியதாக இருக்கும். ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த ஆஃபர் போஸ்டர்களை உடனே நிறுத்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். திட்டி வரும் கமெண்டுகளை அழிக்காதீர்கள், அழிப்பதற்கு முன்பே யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் சொல்லுங்கள். அறிக்கை வருவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் கேட்பது டெலிவரி பையனிடமும் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடமும்தான், அவர்கள் சொல்வதற்கு இரண்டு வரியாவது கையில் இருக்க வேண்டும்.