செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்

எங்கள் பழைய பெட்ரோல் கார் ஒருநாள் காலையில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுபோனது. பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்ததால், யோசிக்காமல் புதுசு வாங்கிப் போட்டேன். உடனே ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே 'டக்'.

கோளாறு பேட்டரியில் இல்லை. இன்ஜினுக்கு வரும் எர்த் கேபிளின் (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைப்பது) போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருந்தது. பேட்டரி மாற்றும்போது அந்தக் கேபிள் கொஞ்சம் அசைந்து, இரண்டு நாளைக்குப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இத்தனைக்கும் அன்று காலையிலேயே கார் எனக்குத் துப்பு கொடுத்திருந்தது. சாவியைத் திருப்பியபோது ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அதனால் முதல் தவறு, பார்க்காமலே பேட்டரி மேல் பழி போடுவது. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே படுத்துவிட்டால் பேட்டரியிலோ அதன் டெர்மினலிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்தாலும் பெரும்பாலும் அதுதான்: சாலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது என்றால் சாலினாய்டின் உள்ளே இருக்கும் காண்டாக்ட், ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள், இன்ஜின் எர்த், இந்த மூன்றையும் பாருங்கள். விளக்கும் நன்றாக எரிந்து, சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே, பியூஸ், கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் அந்தக் கிளட்ச் ஸ்விட்ச் என்று வரிசையாகத் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை ஒருமுறை N-க்கு மாற்றிப் பாருங்கள். மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கினால், அது இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) விஷயம்.

இரண்டாவது தவறுதான் ரொம்பப் பேரை ஏமாற்றுகிறது. மல்டிமீட்டரை வைக்கிறோம், 12.5 வோல்ட் காட்டுகிறது, "கரண்ட் நல்லா வருதே" என்று அந்தக் கேபிளை விட்டுவிடுகிறோம். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமேயில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. நூறு இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிளிலும் அதே 12.5-ஐத்தான் காட்டும். ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த ஒற்றை இழையில் அது போகுமா?

ஆகவே லோடு இருக்கும்போது, அதாவது ஸ்டார்ட்டர் கரண்ட் இழுக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்பில் அல்ல, குமிழிலேயே) இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. என் காரில் அது 5-ஐத் தாண்டியது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு 0.1. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில், பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் முனைக்கும் இடையில் பார்க்கலாம். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருப்பதை மேலாகத் துடைத்தால் போதாது. கிளாம்பைக் கழற்றி உள்பக்கம் தேய்க்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

பேட்டரியை அளப்பதிலும் ஒரு அவசரம் உண்டு. வண்டி ஓடி நின்றதும் அளந்தால் வோல்டேஜ் கூடுதலாகத்தான் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் முதலில் அதை முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

"ஜம்பர் போட்டதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு, அப்ப பேட்டரிதான் போச்சு" என்பது அடுத்த தவறு. ஜம்பர் என்றால் இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது. கறுப்புக் கேபிளின் கடைசிக் கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் உலோகத்தில் மாட்டச் சொல்வார்கள். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. அது சரியான முறைதான். ஆனால் அப்படி மாட்டும்போது துருப்பிடித்த எர்த்தைத் தாண்டி இன்ஜினுக்கு ஒரு புது வழி கிடைத்துவிடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகும், குற்றமில்லாத பேட்டரி பழைய இரும்புக்குப் போகும்.

பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 10 இருந்த இடத்தில் 20 போட்டால் பியூஸுக்குப் பதில் வயர் எரியும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையே காலி செய்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பெரும்பாலான கார்களில் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

இரவில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்க மீட்டரை நெகட்டிவ் கேபிளோடு தொடராக இணைப்பவர்கள், வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது காத்திருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கலாம். அப்புறமும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால், பின்னால் பொருத்திய டேஷ்கேமராவையோ மியூசிக் சிஸ்டத்தையோ முதலில் கழற்றிப் பாருங்கள். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள். 10 ஆம்பியர் தாங்கும் மீட்டர் அது.